பாழ்வீடும் கரிக்கோடுகளும்

பாழடைந்த கட்டடங்களைத் தேடிச் செல்வது இப்போது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. விடுமுறை நாளில் புறப்பட்டுச் சென்று, இடிந்த சுவரையும் அதில் வேர்விட்ட அரசங்கன்றையும் படம்பிடித்து, எத்தனை தலைமுறைகளைக் கண்ட சுவரோ என்று ஒரு வரி எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோர் பெருகிவிட்டனர். அவர்களைக் குறைகூறும் தகுதி நமக்கு இல்லை. நாமும் அவ்வாறு அலைந்தவர்களே, பெருமூச்சு விட்டவர்களே. அந்தப் பெருமூச்சின்மீது நமக்கு ஐயம் பிறந்த கதையை இங்கே சொல்ல விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு முதுகலைத் தமிழ் மாணவர்களை உத்திரமேரூருக்கு அழைத்துச் சென்றிருந்தோம். வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள குடவோலைக் கல்வெட்டைக் காட்டுவதே நோக்கம். அது முடிந்ததும், மாணவி ஒருத்தியின் சிற்றூர் அருகிலேயே இருந்ததால், அங்கே பூட்டிக் கிடக்கும் பழைய வீடொன்றைப் பார்த்து வரலாம் என்று முடிவாயிற்று. வீட்டுக்குரியவர்கள் ஊரைவிட்டுப் போய் நெடுங்காலம் ஆகியிருந்தது. மேற்பார்த்துவந்த பெரியவரின் இசைவு பெற்று உள்ளே நுழைந்தோம்.

திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என ஒழுங்காகக் கட்டப்பட்ட வீடு. நாட்டு ஓடுகள் பாதி சரிந்திருந்தன. மாடக்குழிகளில் எண்ணெய்ப் புகையின் கறை அப்படியே இருந்தது. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, சங்கப் பாடல்கள் பாழ்பட்ட மன்றங்களைக் காட்டும் விதத்தை நாம் விளக்கத் தொடங்கினோம். கரிகாலன் அழித்த பகைவர் ஊர்களைப் பட்டினப்பாலை காட்டுவதையும், அகநானூற்றுப் பாலைப் பாட்டொன்றில் கடவுள் நீங்கிப்போன பொதுஇல் சிதைந்து கிடப்பதையும் எடுத்துரைத்தோம். மாணவர்கள் உருகிக் கேட்டனர். நமக்கும் தொண்டை கம்மியது என்பதை மறைப்பானேன்?

அவ்வூர் மாணவி மட்டும் வாசல் நிலையைத் தாண்டி வரவில்லை. ஏனென்று கேட்டோம்.

"எங்க ஆயா இந்த வீட்ல முப்பது வருஷம் வேல செஞ்சிருக்காங்க சார். வாசல் வழியா ஒருநாளும் வந்ததில்ல. கொல்லப் பக்கமாத்தான் வந்து போவாங்க. எனக்கு என்னமோ உள்ள வரத் தோணல."

அதன்பின் நம் விளக்கம் தொடரவில்லை. அவளே எங்களைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்றாள். மாட்டுக்கொட்டகையின் சுவரில், தாழ்வாரத்தின் கீழே மழை படாத இடத்தில், கரியால் கிழித்த கோடுகள் வரிசை வரிசையாக இருந்தன. என்னவென்று எங்களுள் எவருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் அவள் தன் ஆயாவிடம் கேட்டு எழுதிவந்தாள். ஒரு கோடு ஒரு மரக்கால் கூலி நெல். அறுவடைக் காலத்தில் வீட்டுக்காரர் கிழித்த கணக்கு அது. எழுத்தறியாத ஆயாவோ, நாளுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையைச் சட்டியில் போட்டுத் தன் கணக்கை வைத்திருந்தார். "ரெண்டு கணக்கும் ஒருநாளும் ஒத்து வந்ததில்ல" என்று கிழவி சொன்னதை அவள் அப்படியே எழுதியிருந்தாள்.

கூடத்தில் நின்றபோது நமக்குள் எழுந்தவை எவை என்று பிற்பாடு எண்ணிப் பார்த்தோம். நம் பாட்டனார் வீட்டு முற்றம், கோடை விடுமுறை, ஊஞ்சலின் கிறீச்சொலி. அவற்றுள் ஒன்றேனும் அந்த வீட்டுக்குரியதன்று. நம் நினைவை அச்சுவர்களின்மேல் ஏற்றிவிட்டு, சுவர்கள் பேசுவதாக மாணவர்க்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவ்வீட்டின் மெய்யான நினைவு கொட்டகைச் சுவரிலும், இரண்டு தெரு தள்ளி ஒரு கிழவியிடமும் இருந்தது. இருவரிடமும் கேட்க நமக்குத் தோன்றவில்லை.

காலையில் கண்ட கல்வெட்டும் வேறு விதமாக விளங்கத் தொடங்கியது. சதுர்வேதிமங்கலத்துச் சபை கூடிய மண்டபம் அது. அச்சபை கலைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. கூடுவோர் இல்லாமற்போன கட்டடம் என்ற வகையில் அதுவும் கைவிடப்பட்டதே. ஆயினும் இன்று உலகம் அதை அறியும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், தேர்தல் விதிகளை அதன் சுவரில் எழுதிவைத்தமையே காரணம். 1898-ல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்த பிறகுதான் அதன் பெருமை வெளியுலகுக்குத் தெரியவந்தது.

அவ்விதிகள் சொல்வதென்ன? 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக வாரியங்களுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். 921-ஆம் ஆண்டு விதிப்படி அவர் 35 வயதுக்கு மேலும் 70-க்குக் கீழும் இருக்க வேண்டும். பொது விதியாகக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் வேண்டும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியற்றவர். கணக்குக் காட்டாதவனை விலக்கிய நேர்மையை எண்ணி வியக்காதவர் இலர், நாமும் வியந்தோம். ஆனால் நிலமும் மனையும் இல்லாதோர் அச்சுவரில் எங்கே இருக்கின்றனர்? அந்த நிலங்களை உழுதவர்கள் கேட்டிருக்கக்கூடிய கணக்கை எவரும் கல்லில் வெட்டவில்லை. 1100 ஆண்டுகள் கழித்தும் அக்கணக்கு கொட்டகைச் சுவரில் கரியாகவே நின்றது.

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் உத்திரமேரூரின் பெயர் ஒலித்தது. அதே மாதத்தில், அதே ஊரில், பழமையான குழம்பேசுவரர் கோயிலைத் திருப்பணிக்காகப் பிரித்தபோது கருவறைப் படிக்கட்டின் கீழ் அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட பொன் கிடைத்தது. அது ஊருக்கா அரசுக்கா என்று வழக்காடினர். முடிவில் அதிகாரிகள் எடுத்துச் சென்றனர். பழைய கட்டடத்தில் பொன் இருந்தால் ஊரே திரள்கிறது. கரிக்கோடு இருந்தால் யார் திரள்வார்?

எல்லாப் பழைய வீடுகளையும் காப்பாற்ற வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ஓடு மாற்றவும் காரை பூசவும் ஆகும் செலவை அறிந்தவர் அப்படிச் சொல்லத் துணியார். முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில் பல ஊர்களின் பழைய வீடுகளைப் பெயர்த்தெடுத்து மீண்டும் நிறுவியுள்ளனர். பாராட்டத்தக்க பணி, ஆனால் ஊருக்கு ஊர் அது கைகூடுவதன்று. மற்ற வீடுகளில் விலைபோகும் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள் போன்ற இடங்களுக்கு வந்து சேர்கின்றன. மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு விலையில்லை. அது மண்ணோடு மண்ணாகிறது.

நாம் வேண்டுவது மிகச் சிறியது. தமிழ்த்துறைகள் பழைய வீடுகளை இடியும் முன் எழுதிவைக்க வேண்டும். சுவரின் நீள அகலத்தைக் குறிப்பது எளிது. யார் கட்டினார், யார் எந்த வழியாக உள்ளே வந்தார், யார் வரவேயில்லை என்பதையும் கேட்டுக் குறிக்க வேண்டும். உரிமையாளரிடம் ஒரு பக்கமும், அவ்வீட்டில் உழைத்தவரிடம் ஒரு பக்கமுமாக எழுதினால் போதும். இரண்டும் ஒத்துவராமல் போகலாம். ஒத்துவராததையும் அப்படியே எழுதுவதுதான் நேர்மை. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வீட்டை எழுதினாலும் சில ஆண்டுகளில் ஒரு வட்டாரத்தின் வரலாறு கைக்குக் கிட்டும்.

அந்த வீடு இப்போது இல்லை. நாங்கள் சென்று இரண்டாண்டு கழித்து இடித்து மனையாக்கிவிட்டனர். கிழவியும் காலமாகிவிட்டார். மாணவி எழுதித் தந்த நான்கு பக்கங்கள் நம்மிடம் இருக்கின்றன. கரிக்கோடுகளை அவள் எண்ணியும் வைத்திருந்தாள்: 212.

வாசகர்கள் இனி ஒரு பாழ்வீட்டுக்குச் செல்ல நேர்ந்தால், தலைவாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். பிறகு ஒருமுறை கொல்லைப்புறமாகவும் சுற்றிவந்து, அக்கம்பக்கத்தில் இருக்கும் முதியவர் ஒருவரிடம் பேசிவிட்டுத் திரும்பட்டும் என்பதே நம் வேண்டுகோள்.