பாஸ்வேர்டு எதற்கு, டிரஸ்ட் இருக்கிறதே!

பில்லிங் சாப்ட்வேர் போட்டிருக்கும் சிலரது கம்ப்யூட்டரில், அவர்களுக்கே தெரியாமல் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். கணக்குகள் எல்லாம் அதில்தான். யாரை உள்ளே விடலாம் என்று அதற்குச் சொல்வது 'பிஜி_எச்பிஏ.கான்ஃப்' என்ற டெக்ஸ்ட் பைல். வழக்கமாக போஸ்ட்கிரஸின் டேட்டா போல்டரில் இருக்கும், நோட்பேடிலேயே திறக்கலாம்.

ஒவ்வொரு வரியிலும் எந்த டேட்டாபேஸ், எந்த யூசர், எந்த ஐ.பி. முகவரி, எப்படிச் சோதிப்பது என்று எழுதியிருக்கும். சர்வர் மேலிருந்து படித்து, பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். அங்கே பாஸ்வேர்டு தவறினால் அடுத்த வரிக்குப் போகாது. கீழே சரியான வரியைச் சேர்த்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் கவனிக்காதது இதைத்தான்.

இரண்டாவது கம்ப்யூட்டரை இணைக்கும்போது, அதன் முகவரிக்கு இந்தப் பைலில் வரி இல்லை என்று பிழைச் செய்தி வரும். சர்வீஸுக்கு வரும் சிலர் உடனே எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0/0 என்று எழுதி, பக்கத்தில் 'டிரஸ்ட்' என்று போட்டுவிடுவார்கள். பிழை போய்விடும். கூடவே பாஸ்வேர்டு கேட்பதும் போய்விடும்! யூசர் பெயரைச் சொன்னாலே சர்வர் நம்பிவிடும், எல்லா அதிகாரமும் உள்ள 'போஸ்ட்கிரஸ்' என்ற பெயர் உட்பட. உங்கள் வை-பை கிடைத்த எவரும் கணக்குகளை அழிக்கலாம். ரவுட்டரில் 5432 போர்ட்டையும் திறந்துவிட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். பூட்டு இறுகியதற்காகக் கதவையே கழற்றி வைப்பதை நான் ரிப்பேர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த ஒரு கம்ப்யூட்டரின் முகவரியை மட்டும், உதாரணமாக 192.168.1.5/32 என்று கொடுத்து, சோதிக்கும் முறையாக 'ஸ்க்ராம்-ஷா-256' என எழுதினால் போதும். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. போஸ்ட்கிரஸ் பாஸ்வேர்டே மறந்துவிட்டால் டிரஸ்ட் உதவும்தான். ஆனால் சொந்தக் கம்ப்யூட்டரைக் குறிக்கும் 127.0.0.1/32 வரியில் மட்டும், பாஸ்வேர்டை மாற்றும் வரைக்கும்தான்.

விண்டோஸில் பைலைச் சேமித்ததுமே புதிய இணைப்புகளுக்கு மாற்றம் அமலாகும். லினக்ஸில் ரீலோட் செய்ய வேண்டும். அங்கே வரியில் பிழை இருந்தால் ரீலோட் செய்தாலும் பழைய அனுமதிகளே தொடரும். பிறகு என்றோ சர்வரை நிறுத்தி ஆரம்பிக்கும்போது அது கிளம்ப மறுக்கும். எனவே கை வைக்கும் முன் பைலுக்கு ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பைலில் # இல்லாமல் தொடங்கும் வரி எதிலாவது டிரஸ்ட் இருந்தால், போட்டவரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். "ஒண்ணும் ஆகாது சார்" என்பார், விடாதீர்கள்.