முகாமும் ஊர் மானமும்

விருந்தினரை வரவேற்றுவிட்டுக் கிணற்றுக்குக் கயிறு வைக்காதிருப்பது விருந்தோம்பல் ஆகாது. மூதூரிலே, கொட்டியாரக் குடாக் கரையோரம் அமைந்த கூடார முகாமொன்றில் மாணவர் குழுவோடு இரண்டு இரவுகள் தங்கினேன். வாயிற் பலகை புத்தம் புதியது. கூடாரத் துணியோ கிழிசல். கிணற்றடியில் கயிறுமில்லை, வாளியுமில்லை. மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மாணவியர் ஒருவருக்கொருவர் காவல் நின்றனர்.

இக்கரைக்குப் பெருமை குறைவா? மகாவலி கடலோடு கலக்கும் குடா இது. 1660 ஆம் ஆண்டில், புயலிலே பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிட வந்த ரொபேட் நொக்ஸ், தம் தந்தையோடு கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டது இங்கேதான். 19 ஆண்டுகள் கைதியாயிருந்து தப்பிய அவர் 1681 இல் வெளியிட்ட நூல், அக்கால இலங்கைக்குச் சிறந்ததொரு சான்று. அவ்வரலாற்றை அந்த மண்ணிலேயே கற்பிக்கச் சென்றோம். தண்ணீருக்கு அலைவதிலேயே பொழுது கழிந்தது.

2011 இல் பாலங்கள் திறக்கப்பட்டபின், திருகோணமலையிலிருந்து தரைவழி வருவோர் துறைகளிலே காத்திருக்கும் சிரமம் நீங்கிற்று. வழி திறந்தால் போதுமா? கட்டுவதற்குப் பணம் தேடுவோர், கூட்டிப் பெருக்கவும் பழுது பார்க்கவும் ஓர் ஆளுக்குச் சம்பளம் தேடுவதில்லை. பிழை அங்கேதான். ஒரு தாழ்ப்பாளின் விலை சொற்பம். அது இல்லாமையால் அடுத்த ஆண்டு பெற்றோர் தம் பெண்மக்களை அனுப்ப மறுத்தால், அவர்களை யார் குறைகூற இயலும்?