வாயில்லா பேஷன்ட்!

"ஏன் தம்பி, எம்.பி.பி.எஸ். சீட்டு கிடைக்கலியா?"

வெட்னரி படிக்கிறேன்னு சொன்னதும் சொந்தக்காரங்க கேட்கிற முதல் கேள்வி இதுதான். ரெண்டாவது, "எங்க ஜிம்மி ரெண்டு நாளா சாப்பிடல. என்ன மாத்திரை குடுக்கலாம்?" ஃபீஸ்... ஒரு டம்ளர் காபி!

ஒரத்தநாட்டுல 2012-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரியில எனக்கு இது இன்டர்ன்ஷிப் வருஷம். லீவு நாள்ல தஞ்சாவூர்ல தெரிஞ்ச டாக்டரோட சின்ன கிளினிக்ல போய் நிற்பேன். சும்மா சொல்லக்கூடாது, செம டைம்பாஸ்!

"பேரு?"

"மணி."

"நாய் பேரும்மா..."

"ராஜேஷ்குமார். மணிங்கறது நான்தான் சார்... மணிமேகலை!"

டைகர்னு ஒண்ணு வரும். ஊசியைப் பார்த்ததும் அப்பத்தா சேலைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். குறுவை அறுவடை நேரத்துல மட்டும் சிரிப்பு குறைஞ்சிடும். வரப்புல எலிக்கு வெச்ச மருந்தைத் தின்ன நாய், கண்ணாடி விரியன் கடிச்சு மூஞ்சி வீங்கின நாய்னு வந்து நிற்கும்.

எதுவா இருந்தாலும் பேஷன்ட் வாயைத் திறக்காது. கூட வர்றவங்க சொல்றதுதான் கேஸ் ஹிஸ்டரி. சிக்கலே அங்கதான்.

அன்னிக்கு அம்மாபேட்டை பக்கத்துல இருந்து ஒரு அக்கா, கூடையில பூனையோட வந்தாங்க. பேரு சுந்தரி. முகம் உப்பி, மூச்சு வாங்குது. டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ரோஸ் கலர்ல இருக்க வேண்டிய ஈறு, டிகாக்‌ஷன் கலர்ல இருந்துச்சு.

"என்னம்மா குடுத்தீங்க?"

"ஒண்ணுமே குடுக்கல சார்."

மூணு தடவை கேட்டார். மூணு தடவையும் அதே பதில். கூட வந்த வாண்டுதான் போட்டு உடைச்சான். "எனக்குக் குடுத்த காய்ச்சல் மாத்திரையில பாதியைப் பால்ல கரைச்சு ஊத்துனியேம்மா!"

பாராசிட்டமால்! நம்ம கல்லீரல் அதைப் பக்குவம் பண்ணி வெளியே தள்ளிடும். பூனைக்கு அந்த வசதி ரொம்பக் கம்மி. தங்கிப்போன மருந்து ரத்தத்தையே கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்க விடாம பண்ணிடும். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன். மனுஷங்களுக்குச் சளி கரைக்கிறதுக்கும் அதைத்தான் குடுக்கிறாங்க. டாக்டர் ஆக்சிஜன் வெக்க, நான் சீட்டோட மெடிக்கலுக்கு ஓடினேன்.

"பேஷன்ட் வயசு?"

"ஒண்ணரை."

"குழந்தையா?"

"பூனைண்ணே."

அண்ணன் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு எடுத்துக் குடுத்தார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் சுந்தரிக்கு மூச்சு கொஞ்சம் சீராச்சு. மூலையில உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்த அக்கா, "திட்டுவீங்கன்னு பயந்துதான் சார் சொல்லல"ன்னாங்க. எங்க டாக்டருக்குக் கொஞ்சம் சத்தமான வாய். போன தடவை உண்ணி விஷயத்துல இவங்களை வாங்கு வாங்குன்னு வாங்கியிருந்தார். அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல. "சாப்பிட்டீங்களாம்மா?"ன்னு மட்டும் கேட்டார். அந்த 'ஒண்ணுமே குடுக்கல'வுல எங்க பங்கும் இருக்குன்னுதான் எனக்குத் தோணுச்சு.

மூணாம் நாள் ஈறு பழையபடி ரோஸ். ஊசிக் குழாயைக் கழட்டப் போன என் கையில 'சர்ர்'னு ஒரு கீறல்!

"தெம்பு வந்துடுச்சு சார்!"னு அக்காவுக்கு ஒரே சந்தோஷம். நான் குழாயடியில, சோப்பைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே 15 நிமிஷம் கை கழுவிட்டிருந்தேன்.