சர்க்கரை ஏறியதா, இறங்கியதா?

சர்க்கரை நோயாளி ஒருவர் திடீரென நாக்குழறிப் பேசினாலோ சுருண்டு விழுந்தாலோ, ‘சுகர் ஏறிடுச்சு போல’ என்பதுதான் வீட்டில் முதலில் எழும் பேச்சு. சர்க்கரை ஏறுவதுதான் ஆபத்து என்று இத்தனை காலமாகக் கேட்டுப் பழகிவிட்டோம். சிறுநீரகம், கண், கால் என வருடக்கணக்கில் அரிக்கும் பாதிப்புகளுக்கு அது பொருந்தும். ஆனால், ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள், நிமிடக்கணக்கில் மூளையைத் தாக்குவது இறங்கிய சர்க்கரை. இதை நம் குடும்பங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் தந்த கணக்குப்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். இவர்களில் இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும்தான் தாழ்சர்க்கரையின் விளிம்பில் இருப்பவர்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, விரதம், வழக்கத்துக்கு மீறிய உழைப்பு, சிறுநீரகம் பழுதாகி மருந்து உடலிலேயே தங்கிவிடுவது எனக் காரணங்கள் பல. வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் புறப்படும்போது, பழக்கத்தில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வரிசையில் காத்திருப்பதும் அதில் ஒன்று.

ரத்தத்தில் சர்க்கரை, டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், படபடக்கும், வியர்த்துக் கொட்டும், பசி பிடுங்கும். 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாறும்: சம்பந்தமில்லாத பேச்சு, எரிச்சல், வலிப்பு, மயக்கம். சிலருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து, பக்கவாதம் போலவே தெரியும். இப்படித் தெருவில் தள்ளாடுபவரைக் குடிகாரர் என்று ஒதுக்கிவிட்டுப் போவது கொடுமை. பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும்.

நினைவு இருந்து விழுங்க முடிந்தால், 15 கிராம் குளுக்கோஸையோ மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், சர்க்கரை ரத்தத்தில் சேர்வதை அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுக்கலாம். ஏறிய பிறகு உணவு தர வேண்டும். மீட்டர் இல்லையா? சந்தேகம் இருந்தாலே கொடுத்துவிடலாம். சர்க்கரை ஏற்கெனவே கூடியிருந்தாலும் இந்த அளவால் பெரிய கேடு வராது. குறைந்திருந்து கொடுக்காமல் விட்டால் மூளையே பாதிக்கப்படலாம்.

நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, ‘சர்க்கரை நோயாளி, மயக்கம்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆம்புலன்ஸில் வருபவர்கள் ரத்தக்குழாய் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் பலர் சில நிமிடங்களில் கண் திறந்துவிடுவார்கள். தவறு நடப்பது இங்கேதான். ‘சரியாகிவிட்டதே, ஆஸ்பத்திரி எதற்கு?’ என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக் கூடாது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளின் வீரியம் ஒரு நாள்வரைகூட நீடிக்கும். ஏறிய சர்க்கரை இரவில் மீண்டும் இறங்கலாம்.

ஏறிய சர்க்கரையும் உயிரைப் பறிக்கும். அது மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ முற்றும். காய்ச்சலில் சாப்பிடவில்லை என்று இன்சுலின் நிறுத்தப்பட்ட, முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு ஓயாத வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாசனை வரலாம். முதியவர்களுக்குச் சர்க்கரை 600-ஐத் தாண்டி, உடல்நீர் வற்றி, நினைவு மங்கும். இவர்களுக்கு மருத்துவமனைக்குப் போகும் வழியில் தேவை சலைன். இன்சுலினை மருத்துவமனையில் பொட்டாசியம் அளவு பார்த்த பிறகே தொடங்குவார்கள். வீட்டில் நீங்களாகக் கூடுதல் டோஸ் போட வேண்டாம்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் தன்னார்வலரே, மயங்கினால் என்ன செய்வது என்பதை அந்த வீட்டுப் பெண்ணிடமோ பேரனிடமோ ஐந்து நிமிடம் விளக்கலாம். தனியார் மருத்துவர்களும் இன்சுலின் எழுதும் சீட்டோடு தமிழில் அரைப்பக்கக் குறிப்பைத் தர வேண்டும். அரசு இதைக் கட்டாயமாக்கட்டும். அதுவரை, உங்கள் வீட்டு மாத்திரை அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்; ஒரு பொட்டலம் குளுக்கோஸை எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள்.