கேள்விக்குறிகளாய்த் தெரியும் சொற்கள்



பேய் விளையாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பர். எனினும் ‘இப்’ என்னும் கணினி விளையாட்டின் மீது எனக்குள்ள அன்பு குறைந்தபாடில்லை. ஜப்பானியரான கோரி 2012-இல் இலவசமாக வெளியிட்டது; சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உருவங்கள் பொம்மைகள் போல் அழகானவை. ஓவியக் கண்காட்சிக்குப் பெற்றோருடன் சென்ற 9 வயதுச் சிறுமி, ஓவியங்களின் உலகில் சிக்கிக்கொள்கிறாள். கையிலுள்ள சிவப்பு ரோசாவின் இதழ்களே அவள் உயிர்.

துரத்தும் சிலைகளை விட என்னை உலுக்கியது வேறு. அவளுக்கு வாசிக்கத் தெரியாத சொற்கள் நமக்கும் வெறும் கேள்விக்குறிகளாகவே தெரிகின்றன! கிள்ளானில் என் மூன்றாம் ஆண்டு வகுப்பில், அதே வயதில் வாசிக்கத் திணறும் பிள்ளை பாடநூலில் காண்பதும் இதுதானே? பின்னர் கேரி என்னும் இளைஞன் துணையாக வருகிறான். அவள் கேட்டால் பொருள் சொல்கிறான். ஏளனம் செய்வதில்லை. ‘சோம்பேறி’ என்று ஒரு பிள்ளையைச் சொல்லுமுன் நாம் இதை ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும் என்பேன்.

2022-இல் புதுப்பித்த பதிப்பும் வந்துள்ளது. சிறு பிள்ளைகளிடம் தனியே கொடுத்துவிடாதீர்கள். சில காட்சிகள் எனக்கே நடுக்கம் தந்தவை.