மாமன்னனுக்கு முன்பும் அவர் நடிகர்தான்

2023இல் 'மாமன்னன்' பார்த்துவிட்டு வந்தவர்கள் பலர் சொன்ன ஒரு பாராட்டு எனக்கு இன்னும் ஆறவில்லை. வடிவேலுவுக்கு நடிக்கவும் வரும் என்று இப்போதுதான் தெரிந்ததாம். அப்படியானால் அதற்கு முன் முப்பது ஆண்டுகளாக அவர் செய்தது என்ன? கேட்டால், "எல்லாப் படத்திலும் ஒரே ஆள்தானே, உதார் விடுவார், உதை வாங்குவார்" என்கிறார்கள். ஒரே மாதிரி வேடம் கட்டுகிறவருக்கு நடிப்பு வராது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு, நம்மைச் சிரிக்க வைத்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

அந்த 'ஒரே ஆளை'க் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 'ஃப்ரண்ட்ஸ்' (2001) நேசமணி ஒரு காண்ட்ராக்டர். வேலை வாங்குகிறவர், அதட்ட அவருக்கு உரிமை இருக்கிறது. அவருடைய அவமானமெல்லாம் தன்னிடம் வேலை பார்க்கிறவர்களின் கையாலேயே வருகிறது. 'வின்னர்' (2003) கைப்புள்ளைக்கு அந்த அதிகாரம் கிடையாது. இருப்பது ஒரு சங்கமும் சில பையன்களும். அவர்கள் கண்ணில் மதிப்பு இறங்கிவிடக் கூடாதே என்றுதான் காலை இழுத்து நடந்து போய் அடி வாங்குகிறார். 'தலைநகரம்' (2006) நாய் சேகர் பாடு இன்னும் மோசம். அவரை ரவுடி என்று ஒப்புக்கொள்ள ஒருத்தரும் இல்லை. போலீஸ் ஜீப்பில் தானாக ஏறி, தன்னையும் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறார். அந்தக் காட்சியில் அவர் குரலில் முறுக்கும் கெஞ்சலும் ஒரே மூச்சில் வருகின்றன. முதலாளியின் உதாரும், பையன்களுக்குத் தலைவனாக இருப்பவனின் உதாரும், யாருமே மதிக்காதவனின் உதாரும் ஒன்றாகுமா?

கவுண்டமணி மீதும் இதே குற்றச்சாட்டு உண்டு: செந்திலைத் திட்டுவார், உதைப்பார், அவ்வளவுதான் என்று. 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் பெட்ரோமாக்ஸ் மேண்டில் உடையும்போது வருவது, எல்லாம் தெரிந்தவன் என்று பேரெடுத்தவனின் பொருள் போன ஆத்திரம். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில் வருவது, கேட்ட கேள்விக்கு அதே பதில் திரும்பத் திரும்ப வந்து புத்தி கலங்குகிற ஆத்திரம். ஆளை ஏற்கெனவே தெரிந்திருப்பதால்தான் இந்த நுணுக்கம் நமக்கு உடனே பிடிபடுகிறது. தெருக்கூத்தில் எந்தக் கதை நடந்தாலும் கோமாளியான கட்டியங்காரன் வருகிறான். எப்போதும் இவன்தானா என்று அங்கே யாரும் சலித்துக்கொள்வதில்லை. கதாநாயகன் இருபது படங்களில் ஒரே நடை நடந்தால் அதை ஸ்டைல் என்று கொண்டாடவும் நமக்குத் தெரிகிறது.

'தேவர் மகன்' (1992) வந்தபோதே, கையை இழந்த இசக்கியாக வடிவேலுவைப் பார்த்தோம். அதற்குப் பிறகும் அவர் நடிகர் என்று ஒப்புக்கொள்ள நமக்கு 2023 வரை ஆகியிருக்கிறது. அவர் நடித்த மாமன்னன் எம்.எல்.ஏ. ஆன பிறகும் ஆதிக்க சாதிக்காரரான ரத்னவேலுவின் முன்னால் நாற்காலியில் உட்காராமல் நிற்கிறார். சாதி நிற்க வைத்த அந்த மனிதரின் காயமும் கைப்புள்ளையின் வீறாப்பும் சமமல்ல. ஆனால் மரியாதை கிடைக்காத ஒருவனின் தோள் எப்படிக் குறுகும், கண் எங்கே தாழும் என்பதை வடிவேலு அந்தப் படத்துக்காகப் புதிதாகக் கற்றுக்கொண்டு வரவில்லை. நாய் சேகர் ஜீப்பில் ஏறிய நாளிலும் அது அவரிடம் இருந்தது. நாம்தான் சிரித்துவிட்டுப் போய்விட்டோம்.