‘எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதானே?’

மாமியாரோடு ஒத்துப்போகவில்லை. மேலதிகாரியின் குரல் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகனிடம் எதைப் பேசினாலும் சண்டையில் முடிகிறது. படுத்தால் இரண்டு மணிவரை தூக்கம் வருவதில்லை. இப்படிச் சொல்லிவிட்டு, “ஆன்லைனில் ஒரு கவுன்சலரிடம் பேசலாமென்று இருக்கிறேன்” என்றும் ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும். நம் வீடுகளில் வரும் பதில் ஒன்றுதான்: “இதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதானே? இதுக்குப் போய் முன்பின் தெரியாத ஆள்கிட்ட, அதுவும் போன்லயா பேசணும்?”

அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டவர் அதற்குப் பிறகு வாயே திறப்பதில்லை.

எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்பது உண்மைதான். அதனால் அது சின்ன விஷயம் என்று எப்படி ஆகும்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். பதிவான காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினைகளுக்கு: 31.7 சதவீதம். அடுத்தது நோய், 18.4 சதவீதம். கடனும் காதலும் தேர்வுத் தோல்வியும் இவற்றுக்கு வெகு கீழே இருக்கின்றன. ஒரு சாவுக்கு ஒரே காரணம் இருப்பதில்லை என்பதும், இவை காவல் நிலையத்தில் எழுதப்படும் காரணங்கள் என்பதும் தெரிந்ததே. அப்படியிருந்தும், நாம் ‘சாதாரணம்’ என்று தள்ளிவிடும் சங்கதிதான் பட்டியலின் தலையில் நிற்கிறது.

“வீட்டில் பெரியவர்கள் இல்லையா, அவர்களிடம் சொல்லக் கூடாதா?” என்பது அடுத்த கேள்வி. சொல்லலாம். ஆனால் பெரும்பாலான நேரம் அந்தப் பெரியவர்களே வழக்கில் ஒரு கட்சி. புகுந்த வீட்டுக் கஷ்டத்தை அம்மாவிடம் சொல்கிறாள் ஒரு பெண். அம்மாவுக்கு மனம் தாங்காது, தன் தங்கையிடம் சொல்வாள். சித்தி மூலம் அது மாப்பிள்ளை வீட்டுக்கே திரும்பி வரும். அடுத்த வளைகாப்பில் நாலு பேர் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்ப்பார்கள். நாளடைவில் அவள் அம்மாவிடமும் “நல்லா இருக்கேம்மா” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுவதன் பயன் இங்கேதான் இருக்கிறது. அவருக்குச் சொத்தில் பங்கில்லை, மரியாதைப் பிரச்சினை இல்லை, நாளைக்கு விசேஷத்தில் சந்திக்கப் போவதும் இல்லை.

பாட்டிமார்களின் அனுபவ ஞானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா அந்த ஞானத்தை நம்பித்தான் 2006இல் 14 மூதாட்டிகளோடு ஒரு வேலையைத் தொடங்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப்பெஞ்சு போட்டு, மனம் நொந்து வருபவர்களோடு அவர்கள் பேசினார்கள். பலன் கிடைத்தது என்பதை 2016இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. ஆனால் அந்தப் பாட்டிகளுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள்: குறுக்கே பேசாமல் கேட்பது, பல பிரச்சினைகளில் ஒன்றைப் பிரித்தெடுப்பது, அதற்கு ஒரு வழியை வந்தவரே கண்டுபிடிக்கச் செய்வது. நம் வீட்டில் கிடைக்காதது அந்தப் பயிற்சிதான்.

அடுத்தது, போனில் என்ன ஆகிவிடப் போகிறது என்ற அலட்சியம். சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட சிநேகா அமைப்பு பல பத்தாண்டுகளாகத் தொலைபேசி வழியாகவும் மனிதர்களின் துயரத்துக்குக் காது கொடுக்கிறது. ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 2010 வாக்கிலேயே புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. சென்னையில் இருக்கும் மருத்துவர் அந்தப் பேருந்தின் திரையில் தோன்றி நோயாளியோடு பேசினார், மருந்தும் அங்கேயே கிடைத்தது. சிறு ஊர்களில் மனநல மருத்துவரின் வாசலில் உட்கார்ந்தால் தெரிந்தவர் ஒருவராவது பார்த்துவிடுவார். அந்தப் பயமே பலரைத் தடுக்கிறது. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகிற சாக்கில் போனில் பேசிவிடலாம்.

“சும்மா பேசுறதுதானே” என்பவர்கள் ஒரு நல்ல கவுன்சலர் என்ன செய்கிறார் என்று பார்த்ததில்லை. படபடப்பு என்று வந்தவரிடம் ஒரு தாளில் நான்கு கட்டம் போடச் சொல்வார்: என்ன நடந்தது, அப்போது மனதில் ஓடியது என்ன, உடம்பில் என்ன தெரிந்தது, அப்புறம் என்ன செய்தீர்கள். மேலதிகாரி “கேபினுக்கு வாங்க” என்றார், ‘வேலை போகப் போகிறது’ என்று தோன்றியது, கை வியர்த்தது, கழிவறைக்குப் போய் நின்றுகொண்டேன். இப்படி ஒரு வாரம் எழுதினால், அழைத்தது ஏதோ ஒரு ஃபைலுக்காக என்பதும், நடுவில் ஓடிய நினைப்புதான் கையை வியர்க்க வைத்தது என்பதும் எழுதியவர் கண்ணுக்கே தெரியும். அறிவுரை எதுவும் இல்லாமல் அந்த வேலை நடக்கிறது. வழிகாட்டுநரின் துணையோடு இணையவழியில் தரப்படும் இந்த வகைச் சிகிச்சை, பல கோளாறுகளில் நேர்ச் சிகிச்சைக்கு நிகரான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆபத்துகளும் இருக்கின்றன. நம் நாட்டில் நடைமுறையில் எவரும் ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. சில வாரக் காணொளி வகுப்பு முடித்தவர்களும் விளம்பரம் செய்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று ஒருவர் சொன்னால் இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவு எண்ணைக் கேளுங்கள். மற்றவர்களிடம் என்ன படித்தார், யார் மேற்பார்வையில் பழகினார் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். செயலிகளிலும் கவனம் தேவை. பயனாளிகளின் விவரங்களை ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாக எழுந்த வழக்கில் பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி ஆலோசனை நிறுவனம் 78 லட்சம் டாலர் தர வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் அறிவித்தது. இவையெல்லாம் நல்லவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லும் காரணங்கள். பேசாமலே இருந்துவிட இவற்றைச் சாக்காக்கக் கூடாது.

காசு இல்லையென்றால் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமும் இணைப்பார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர் அடுத்த வார அமர்வுக்குக் காத்திருக்காமல் உடனே அழைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இரண்டு. மனைவியோ மகனோ கதவைச் சாத்திக்கொண்டு பேசும் அந்த முக்கால் மணி நேரம் யாரும் தட்டாதீர்கள். வெளியே வந்ததும் “என்னைப் பத்தி என்ன சொன்னே?” என்று கேட்காதீர்கள்.